பழைய சீட்டு கேட்கும் விலை

1996 அக்டோபரில் வெளியான மேஜிக் ஆட்டத்தின் மிராஜ் தொகுப்பில் லயன்ஸ் ஐ டைமண்ட் என்றொரு சீட்டு இருந்தது. அதை மேஜையில் இறக்கச் செலவே இல்லை. இறக்கிய கையோடு பலிகொடுத்து மூன்று மனா பெறலாம். நிபந்தனை ஒன்றுதான்: அந்த நேரத்தில் கையில் இருக்கும் சீட்டுகள் அத்தனையையும் எறிந்துவிட வேண்டும். மனா என்பது மற்ற சீட்டுகளை ஆடுவதற்கான காசு. காசு கிடைக்கிற அதே நொடியில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. 1993-இல் வந்த பிளாக் லோட்டஸ் இதே மூன்று மனாவை எந்த நிபந்தனையும் இல்லாமல் தந்தது. அதன் பல்லைப் பிடுங்கிவிட்டு மறுபடி அச்சடித்திருக்கிறார்கள் என்றுதான் ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். உறையைப் பிரித்ததும் இது வந்தால் முகம் சுளித்தார்கள்.

இன்று விண்டேஜ் வகைப் போட்டிகளில் ஒரு கட்டில் அதை ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. லெகஸி வகையில் நான்கு வைக்கலாம்; அங்கே ஒரே முறையில் ஆட்டத்தை முடித்துவிடும் கட்டுகளின் இதயமே அதுதான். இத்தனைக்கும் சீட்டு பலம் கூடவில்லை. சொல்லப்போனால் அதன் விதிவாசகத்தைப் பிற்பாடு இன்னும் இறுக்கினார்கள்.

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கியதை 1993 ஆகஸ்டில் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. ரம்மியில் எல்லோரும் ஒரே கட்டிலிருந்து எடுத்து ஆடுகிறோம். இங்கே ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டு வருகிறார். குறைந்தது 60 சீட்டு, மனா தரும் அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர ஒரே சீட்டில் நான்குக்கு மேல் கூடாது. இருவருக்கும் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. இதுவரை அச்சான வெவ்வேறு சீட்டுகள் 25,000-க்கும் மேல். எனவே ஆட்டம் மேஜையில் தொடங்குவதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது.

இந்த யோசனையில் எனக்குப் பிடித்த பகுதி பழைய சீட்டுகளைப் பற்றியது. முப்பது வருடத்துக்கு முன் அச்சான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது இன்றைய போட்டியில் ஒரு இடத்துக்குத் தகுமா என்று கேட்பது. பலர் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். சந்தை விலை சேகரிப்பாளர்களின் ஆசையையும் அச்சான எண்ணிக்கையையும் சொல்லும். ஆட்டத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது. அடுத்ததாக எண்களைப் பார்க்கிறார்கள். எத்தனை மனாவுக்கு எத்தனை வலிமை? இந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் பழைய சீட்டுகளில் சீக்கிரம் கெட்டுப்போகும் பகுதி அதுவே.

ஜூஸாம் ஜின்னைப் பாருங்கள். 1993 டிசம்பரில் வந்த அரேபியன் நைட்ஸ் தொகுப்பு. நான்கு மனாவுக்கு ஐந்துக்கு ஐந்து வலிமையுள்ள உயிரி. பதிலுக்கு உங்கள் முறை வரும்போதெல்லாம் உங்களிடமிருந்தே ஒரு உயிர்ப்புள்ளியைப் பிடுங்கும். அந்த நாளில் எதிராளி இதை இறக்கினால் வயிற்றைக் கலக்கும். செர்ரா ஏஞ்சல் இன்னும் பழையது, முதல் தொகுப்பிலேயே உண்டு. ஐந்து மனா, நான்குக்கு நான்கு, பறக்கும், தாக்கிய பிறகும் காவலுக்கு நிற்கும். இது அளவுக்கு மீறிய பலம் என்று கருதிச் சில அடிப்படைத் தொகுப்புகளில் சேர்க்காமலே விட்டார்கள். பிறகு 2009-இல் பேன்ஸ்லேயர் ஏஞ்சல் வந்தது. அதே ஐந்து மனா. ஐந்துக்கு ஐந்து, பறக்கும், முதலில் அடிக்கும், அடித்த அளவுக்கு உங்கள் உயிரைக் கூட்டும், போதாதற்குப் பேய்களிடமிருந்தும் டிராகன்களிடமிருந்தும் பாதுகாப்பு. செர்ரா ஏஞ்சலின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. அந்தப் பேன்ஸ்லேயரும் இன்று பெரிய போட்டிகளில் கண்ணில் படுவது அபூர்வம். ஐந்து மனா சேரும் வரை ஆட்டம் காத்திருப்பதில்லை.

எண் எப்போதும் அடுத்த எண்ணுக்குத் தோற்கும். புதிய தொகுப்பு விற்க வேண்டும். அதற்குப் புதிய உயிரி பழையதைவிடக் கொஞ்சமாவது கவர்ச்சியாக இருக்க வேண்டும். இதில் சதி எதுவும் இல்லை, வியாபாரம்தான். 2007-இல் வந்த டார்மோகாய்ஃப் இரண்டே மனாவுக்கு நான்குக்கு ஐந்தாக வளரக்கூடியது. பத்து வருடம் அதை அசைக்க ஆளில்லை. 2017 ஜனவரியில் ஃபேட்டல் புஷ் வந்து, ஒரே மனாவில் அதைக் கொல்ல வழி செய்தது. ஒரே நாளில் சரிந்துவிடவில்லை என்றாலும் இறக்கம் அங்கேதான் தொடங்கியது. விதிவிலக்கு உண்டு. லைட்னிங் போல்ட் 1993-லிருந்து அதே ஒரு மனா, அதே மூன்று சேதம், இன்னும் ஆடப்படுகிறது. ஆனால் அது தப்பித்ததற்குக் காரணம் வேறு. வடிவமைப்பாளர்களே அந்த விகிதம் அதிகம் என்று தெரிந்துகொண்டு, அதைத் தாண்டிப் போகத் தயங்கினார்கள்.

ஆக, ஒரு பழைய சீட்டை மதிப்பிடும்போது அது தருவதைவிட அது கேட்பதைத்தான் நான் முதலில் படிக்கிறேன். லயன்ஸ் ஐ டைமண்ட் கேட்பது கையில் உள்ள சீட்டுகளை. நெக்ரோபொட்டன்ஸ் கேட்பது உயிர்ப்புள்ளிகளை. டார்க் டெப்த்ஸ் கேட்பது முப்பது மனாவை. மூன்றும் முதல் வாசிப்பில் அபத்தமாகத் தோன்றும் விலைகள். மூன்றிலும் பின்னால் வந்தவர்கள் செய்தது ஒரே காரியம்: விலையைக் குறைக்க முயலவில்லை, கொடுக்க வேண்டிய பொருளையே தங்களுக்குத் தேவையற்றதாக்கிக் கொண்டார்கள்.

முதலில் நெக்ரோபொட்டன்ஸ். 1995-இல் வந்த ஐஸ் ஏஜ் தொகுப்பு. மூன்று கறுப்பு மனா. அதை இறக்கிவிட்டால் முறைக்கு ஒரு சீட்டு எடுக்கும் வழக்கமான உரிமை போய்விடும். பதிலாக ஒரு உயிர்ப்புள்ளிக்கு ஒரு சீட்டு என்று எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். அவை முறையின் முடிவில்தான் கைக்கு வரும். சீட்டு எடுக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, உயிரையும் விற்பதா? அன்றைய மதிப்பீடுகள் பல இதைத் தேறாத சீட்டுகளின் வரிசையில் வைத்தன. அந்த மதிப்பீடுகளுக்கு அடியில் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை இருந்தது: இருபது உயிர்ப்புள்ளிகளும் சம மதிப்பு உள்ளவை. அப்படி இல்லை. தோல்வியைத் தீர்மானிப்பது கடைசி ஒன்று மட்டுமே. மீதிப் பத்தொன்பதும் செலவழிக்கக் கிடைத்த முதல். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஒவ்வொரு முறையும் கையை ஏழு சீட்டாக நிரப்பிக்கொண்டார்கள். டிரெய்ன் லைஃப் போன்றவற்றால் இழந்த உயிரை எதிராளியிடமிருந்தே உறிஞ்சிக்கொண்டார்கள். 1996-இன் கோடையை இன்றும் கறுப்புக் கோடை என்றுதான் சொல்கிறார்கள். கறுப்பு மனாக் கட்டுகள் அப்படி ஆண்டன. இன்று நெக்ரோபொட்டன்ஸுக்கு லெகஸியில் தடை, விண்டேஜில் ஒன்றே ஒன்று.

லயன்ஸ் ஐ டைமண்டுக்கு இன்னும் பல வருடம் தேவைப்பட்டது. இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். மேஜிக்கில் ஒரு மந்திரத்தை அறிவித்த உடனே அது நடந்துவிடாது, வரிசையில் நிற்கும். அதற்கு மேல் இன்னொன்றைச் செய்தால் பின்னால் வந்தது முதலில் முடியும். 2006-இல் வந்த இன்ஃபெர்னல் டியூட்டர் இரண்டு மனாவில் கட்டுக்குள் ஒரு சீட்டைத் தேடித் தரும். ஆனால் வழக்கமாக, கையில் ஏற்கெனவே உள்ள சீட்டின் நகலை மட்டும்தான் தேடலாம். கை காலியாக இருந்தால் எதை வேண்டுமானாலும் தேடலாம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டியூட்டரை அறிவிக்கிறீர்கள். அது வரிசையில் நிற்கும்போதே டைமண்டைப் பலிகொடுக்கிறீர்கள். கை காலி, மூன்று மனா மிதக்கிறது. இப்போது டியூட்டர் நடக்கிறது; காலிக் கை என்ற நிபந்தனை நிறைவேறிவிட்டதால் கட்டுக்குள் இருப்பதிலேயே கொடியதைத் தேடி எடுத்து அந்த மூன்று மனாவில் ஆடுகிறீர்கள். தண்டனை என்று எழுதியிருந்தது நுழைவுச்சீட்டாகிவிட்டது. இடுகாட்டிலிருந்து, அதாவது எறிந்த சீட்டுகளின் குவியலிலிருந்து ஆடும் கட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. சீட்டுகளை எறிவதே அவற்றுக்கு வேண்டியது. மனா இலவச இணைப்பு.

பழைய சீட்டை வைத்து யோசிப்பவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அச்சில் உள்ள வாசகம் செல்லாது. நிறுவனம் பராமரிக்கும் ஆரக்கிள் என்ற அதிகாரபூர்வ வாசகம்தான் சட்டம். டைமண்டை மந்திரத்துக்கு விலை கொடுக்கும் நடுவில் உடைக்க முடியாது என்பது அச்சான சீட்டில் இருந்து தெரியாது, ஆரக்கிளில்தான் தெரியும். அது தெரியாமல் கட்டு கட்டினால் முதல் ஆட்டத்திலேயே நடுவரைக் கூப்பிடும்படி ஆகும்.

மூன்றாவது சீட்டில் விதியே புரண்டது. டார்க் டெப்த்ஸ், 2006, கோல்ட்ஸ்னாப் தொகுப்பு. நிலச் சீட்டுதான், ஆனால் மனா தராது. பத்துப் பனிக்கட்டி அடையாளங்களோடு வரும்; மூன்று மனாவுக்கு ஒன்று உருகும். பத்தும் உருகினால் மாரிட் லேஜ் என்ற அரக்கி எழுவாள்: இருபதுக்கு இருபது, பறப்பாள், அழிக்க முடியாது. ஒரே அடியில் ஆட்டம் முடிந்துவிடும். முப்பது மனா சேர்க்கிற அளவுக்கு ஆட்டம் நீண்டால் அதை அரக்கி இல்லாமலே ஜெயித்திருக்கலாம். 2009-இல் வாம்பயர் ஹெக்ஸ்மேஜ் வந்தது. இரண்டு மனா, தன்னைப் பலிகொடுத்து எதன் மீதும் உள்ள அடையாளங்கள் அத்தனையையும் துடைக்கும். முப்பது இரண்டாகிவிட்டது. 2011-இல் மாடர்ன் வகை தொடங்கியபோதே டார்க் டெப்த்ஸ் தடைப்பட்டியலில் இருந்தது.

எனக்கு அதைவிடச் சுவையானது 2013-இன் கதை. பிப்ரவரியில் தெஸ்பியன்ஸ் ஸ்டேஜ் என்ற நிலம் வந்தது. வேறொரு நிலத்தின் நகலாக மாறிக்கொள்ளும். டார்க் டெப்த்ஸின் நகலாக மாறினால் அதில் பனிக்கட்டியே இருக்காது, ஏனென்றால் அது டெப்த்ஸாக உள்ளே வரவில்லை. ஆனாலும் பலன் இல்லை. டெப்த்ஸ் ஐதிகம் என்ற வகைச் சீட்டு; ஒரே பெயருள்ள இரண்டு ஐதிகச் சீட்டுகள் ஒருவரிடம் இருந்தால் இரண்டுமே இடுகாட்டுக்குப் போக வேண்டும் என்பது அன்றைய விதி. அதே வருடம் ஜூலையில் விதியை மாற்றினார்கள்: ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றது போகும். அந்த ஒரு திருத்தத்தில் இரண்டு நிலங்கள் சேர்ந்து அரக்கியை எழுப்பும் வழி திறந்தது. நிலங்களை எதிராளியின் தடுப்பு மந்திரங்கள் தடுக்க முடியாது என்பது கூடுதல் லாபம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வினோதமான விலை கேட்கும் பழைய சீட்டெல்லாம் புதையல் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சாரோஸ் பாத்தைக் காட்டுவேன். 1994, த டார்க் தொகுப்பு. வினோதத்தில் குறைவே இல்லை: எதிராளியின் தடுக்கும் உயிரிகள் இரண்டை இடம் மாற்றும் நிலம், அதைச் சாய்த்தால் உங்களுக்கும் உங்கள் உயிரிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சேதம். மனாவும் தராது. முப்பது வருடமாக மோசமான சீட்டுகளின் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது, நியாயமாகவே. டைமண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே? டைமண்ட் தருவது மனா, எதற்கும் உதவும் பொதுப்பணம். நெக்ரோபொட்டன்ஸ் தருவது சீட்டுகள், அதுவும் பொதுப்பணமே. டெப்த்ஸ் தருவது வெற்றியை. சாரோஸ் பாத் தருவதோ குறிப்பிட்ட ஒரு சண்டையில், எதிராளி குறிப்பிட்ட விதமாகத் தடுத்தால் மட்டும் உதவும் ஒரு சிறு சௌகரியம். அதன் விலையை முழுக்க ரத்து செய்துவிட்டாலும் கிடைப்பது எடுத்துக்கொள்ளும்படி இல்லை. கேட்பதை ஒன்றுமில்லாததாக்க வழி இருக்க வேண்டும், தருவதும் பொதுவானதாக இருக்க வேண்டும். இரண்டும் கூடிவருவது அபூர்வம். மிராஜ் தொகுப்பிலேயே டைமண்டோடு பிறந்த நூற்றுக்கணக்கான சீட்டுகள் எந்தப் போட்டியிலும் தலைகாட்டாமல் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. உற்சாகத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். 60 சீட்டுக் கட்டில் நான்கு நகல் வைத்தால், முதலில் எடுக்கும் ஏழில் அதில் ஒன்றாவது இருக்க வாய்ப்பு சுமார் 40 சதவீதம். இரண்டு வெவ்வேறு சீட்டுகள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்றால், இரண்டும் அந்த ஏழில் இருக்கும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஏழு ஆட்டத்தில் ஒன்று. மீதி ஆறு ஆட்டங்களில் அந்தச் சீட்டு தனியாகக் கையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்யும்? டார்க் டெப்த்ஸ் தனியாக மனாகூடத் தராது. அதைக் காப்பாற்றுவது தேடித்தரும் சீட்டுகள். கிராப் ரொட்டேஷன் ஒரு நிலத்தைப் பலிகொடுத்து எந்த நிலத்தையும் எடுத்துத் தரும். டெப்த்ஸும் ஸ்டேஜும் இரண்டும் நிலமாக இருப்பதால் எது குறைகிறதோ அதைத் தேடலாம். ஹெக்ஸ்மேஜ் நிலம் அல்ல, அதற்கு இந்தச் சலுகை இல்லை. லெகஸியின் நிலக் கட்டுகள் ஸ்டேஜையே பற்றிக்கொண்டதற்கு இது பெரிய காரணம். ஜோடிச் சீட்டுக்கு மதிப்புப் போடுகிறவர் ஜோடி சேரும்போது நடப்பதைக் கற்பனை செய்து மகிழ்கிறார். ஜோடி சேராத நாளைப் பற்றி யோசிப்பதே அதிகப் பயன் தரும்.

சில சீட்டுகளுக்கு ஜோடியே தேவைப்படவில்லை. எதிரி மாறினால் போதுமாக இருந்தது. கராகஸ் 1994-இல் லெஜண்ட்ஸ் தொகுப்பில் வந்த நிலம். வெள்ளை மனா தரும்; வேண்டுமானால் ஒரு ஐதிக உயிரியை அதன் சொந்தக்காரரின் கைக்குத் திருப்பும். அன்று ஐதிக உயிரிகளில் பெரும்பாலானவை விலை அதிகமான மந்தங்கள், பயந்து பாதுகாப்புத் தேடும் அளவுக்கு எவையும் இல்லை. 2010-இல் எம்ரகூல் வந்தது. பதினைந்துக்குப் பதினைந்து, நிறமுள்ள மந்திரம் எதுவும் அதைத் தொடாது. ஷோ அண்ட் டெல் என்ற 1998-ஆம் வருடச் சீட்டு அதை மூன்றே மனாவில் மேஜைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பதில் கராகஸில் பதினாறு வருடமாகக் காத்திருந்தது: அதன் திறன் நிறமற்ற நிலத்தின் திறன், மந்திரம் அல்ல. மாரிட் லேஜும் ஐதிகம்தான். ஆனால் அவள் சீட்டு அல்ல, டோக்கன். கைக்குத் திரும்பும் டோக்கன் இல்லாமலே போய்விடும். அழிக்க முடியாதவளை ஒரு நிலத்தைச் சாய்த்து அனுப்பிவிடலாம். கராகஸை 1994-இல் சரியாக மதிப்பிட்டிருக்க யாராலும் முடியாது. மதிப்பிடத் தேவையான பாதி உலகம் அப்போது இல்லை. பிரெய்ன்ஸ்டார்மும் அப்படித்தான். மூன்று எடுத்து இரண்டைத் திருப்பி வைக்கும் சாதாரணச் சீட்டு. 2002-இல் கட்டைக் கலைத்துப்போடும் நிலங்கள் வந்த பிறகு, வைத்த இரண்டு குப்பையையும் கலைத்துத் தள்ளலாம் என்றானபோது லெகஸியின் முதுகெலும்பாகிவிட்டது.

குப்பைச் சீட்டுகளாலேயே கட்டப்பட்டுப் பட்டம் வென்ற கட்டும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடந்த புரோ டூரை அர்ஜென்டினாவின் லூயிஸ் சால்வட்டோ வென்றது லான்டர்ன் கட்டை வைத்து. 2004-இல் வந்த லான்டர்ன் ஆஃப் இன்சைட் இருவரும் எடுக்கவிருக்கும் சீட்டைத் திறந்து காட்டுகிறது. கோடெக்ஸ் ஷ்ரெடர் முறைக்கு ஒரு சீட்டைக் கட்டின் மேலிருந்து இடுகாட்டுக்குத் தள்ளுகிறது. 1998-இன் என்ஸ்னேரிங் பிரிட்ஜ் பெரிய உயிரிகளைத் தாக்கவிடாமல் நிறுத்துகிறது. எதிராளி எடுக்கப்போவது ஆபத்தானதா என்று பார்த்து, ஆபத்தானால் தள்ளிவிட்டு, இல்லையென்றால் எடுக்கவிட்டு, மூச்சுமுட்ட வைத்து ஜெயிப்பது. பார்ப்பதற்குக் கொடுமையான ஆட்டம். இந்தச் சீட்டுகளைத் தனித்தனியே மதிப்பிட்டவர்கள் எல்லோரும் சரியாகத்தான் மதிப்பிட்டார்கள். தனித்தனியே அவற்றில் ஒன்றும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கடைசியாக. பழைய சீட்டுகளின் மறு அச்சால் விலை விழுந்ததில் சேகரிப்பாளர்கள் கொதித்தபோது, சில சீட்டுகளை இனி அச்சிடவே மாட்டோம் என்று 1996-இல் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டது. ஜூஸாம் ஜின் அதில் உண்டு. லயன்ஸ் ஐ டைமண்டும் உண்டு. இரண்டும் விலை உயர்ந்தவை. ஒன்றின் விலைக்குப் பின்னால் ஆட்டம் இருக்கிறது, மற்றொன்றின் விலைக்குப் பின்னால் நினைவு இருக்கிறது. ஸ்வீடனில் தொடங்கிய ஓல்டு ஸ்கூல் என்ற ஆட்டவகையில் 1993, 1994-ஆம் வருடச் சீட்டுகள் மட்டுமே செல்லும். அங்கே ஜூஸாமும் செர்ரா ஏஞ்சலும் இன்னும் ராஜாக்கள். பிற்காலத்தை வெளியே நிறுத்திவிட்டால் அவற்றுக்குப் பழைய பலம் திரும்பிவிடுகிறது. அது நல்ல ஆட்டம், அதை ஆடுகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதிகாரபூர்வப் போட்டிகளில் நீங்களே செய்துகொண்ட நகல் செல்லாது. டைமண்ட் தேவைப்படும் கட்டை ஆட நினைப்பவர் நான்கையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

எனவே அண்ணன் விட்டுப்போன பெட்டியிலோ பழைய நண்பரின் அலமாரியிலோ ஒரு ஜூஸாம் ஜின் கிடைத்து, இதை என் லெகஸி கட்டில் வைக்கலாமா என்று யாராவது கேட்டால் என் பதில்: வேண்டாம். படம் அழகு, பெயர் பெரியது, இன்றைய மேஜையில் அது நான்கு மனாவை வீணடிக்கும். விற்றுவிட்டு அந்தப் பணத்தில் கராகஸும் பிரெய்ன்ஸ்டார்மும் வாங்குங்கள், மிச்சமும் இருக்கும்.